பயன் தெரியாத பொருள்

பட்டியலைத் தட்டச்சு செய்தது நான்தான்.
பத்தொன்பது சைக்கிள்கள், அதில் ஏழு பூட்டோடு.
ஜோடி இல்லாத ஸ்கீ பலகை ஒன்று.
பனிவண்டித் தலைக்கவசம்,
உள்ளே யாருடையவோ இரண்டு செம்பட்டை முடி.
பிறகு ஒரு மீன்வலை,
குஞ்சு குருமான் எதுவும் தப்பாத சின்னக் கண்.
கடலில் இறக்கினால் அபராதம்.
"வலை, விளையாட்டுக்கு என்று போடு"
என்றார் தூர்லைஃப்.
போட்டேன்.

முப்பத்தொன்றில் விரல் நின்றது.
செம்பு அண்டா. இருபத்தைந்து லிட்டர் பிடிக்கும்.
மூடியின் உச்சியில் கொக்குக் கழுத்து.
இந்த நாட்டில் அதில் காய்ச்சினால் குற்றம்,
காய்ச்சாமல் சும்மா வைத்திருந்தாலும் குற்றம்.
விற்றால்?
தூர்லைஃப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.
விற்பதே போலீஸ் என்றால் என்ன செய்வதென்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.
நசுக்கிப் போட்டுவிடலாமே என்றேன்.
அவர் அண்டாவின் வயிற்றை விரலால் சுண்டினார்.
அது வெகுநேரம் அடங்கவில்லை.
"நல்ல வேலைப்பாடு" என்றார்
என்னைப் பார்க்காமல்.

ஆகவே,
எண் 31: செம்புப் பாத்திரம், பயன் தெரியவில்லை.
எண் 32: சுருள் குழாய், பயன் தெரியவில்லை.
எண் 33: வெப்பமானி.

வாரங்கர் குடாவில் நவம்பர் கடைசி.
சூரியன் விடுப்பில் போன வாரம்.
மீனவர் சங்கக் கூடத்தில் அறுபது பேர்,
நனைந்த கம்பளி வாடை, காபி.
வலையைத் தலைமையாசிரியை ரங்ஃப்ரீத் எடுத்தார்,
நூற்று நாற்பது குரோனருக்கு, கோல் கட்ட.
அவர் பள்ளியில் கோல்கம்பமே கிடையாது.

முப்பத்தொன்று.
மேசைமேல் அண்டா ஏறியதும்
கூடம் வாயை மூடிக்கொண்டது.
கையைத் தூக்கினால்
இன்னதென்று தெரியும் என்றாகிவிடும்.
மூக்கு அரித்தவர்கள் அரிப்போடே இருந்தார்கள்.
இங்கே ஞானஸ்நானம், கல்யாணம், கருமாதி
எதுவும் அந்தக் கொக்குக் கழுத்து வழியாக
இறங்காமல் நடந்ததில்லை.
"பூந்தொட்டியாக வைக்கலாம்"
தூர்லைஃப் உதவிக்கு வந்தார்.
சுவர்க் கடிகாரம் மட்டும் பேசியது.

"குழந்தையைக் குளிப்பாட்டலாம்"
என்றாள் இங்கெரி.
எழுபத்தொரு வயது, தனிக்கட்டை.
முந்நூறு. சுத்தியல் விழுந்தது.

குழாயை யொவ்னி கேட்டான்,
தக்காளிக் கொடி படர.
இந்த மண்ணில் தக்காளி விளைந்து
நான் பார்த்ததில்லை.

வெப்பமானிக்குக் கை தூக்கிய ஒத்முண்டிடம்
எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.
அவராகவே எழுந்து நின்று
"காய்ச்சல்" என்றார்.
அப்போதுதான் சிரித்தது கூடம்.
கூரையிலிருந்து பனி சரியும் அளவுக்கு.

மூன்று ரசீது, மூன்று முத்திரை.
தனித்தனியே பார்த்தால் மூன்றும் அப்பாவிகள்.
வாசலில் புதுப்பனியில் மூன்று சக்கரத் தடம்:
ஒன்று தேவாலயப் பக்கம், ஒன்று துறைமுகம்,
ஒன்று பெட்ரோல் நிலையம்.
அதற்கப்பால் ஊருக்குச் சாலை
ஒன்றே ஒன்றுதான்.

பூட்டும்போது தூர்லைஃப் கேட்டார்:
"மூன்று எண்ணாக ஏன் பிரித்தாய்?"
"பெட்டி சின்னது."
தலையாட்டினார்.
பிறகு, சாவியைத் தேடுகிற சாக்கில்,
"கிறிஸ்துமஸுக்குள் ஆகிவிடுமா?" என்றார்.
எது என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

கோட்டுப் பையில் கைவிட்டேன்.
மூடிக்கும் கழுத்துக்கும் நடுவில் போடும்
ரப்பர் வளையம்,
எந்த எண்ணிலும் ஏறாதது.
அது இல்லாமல் உள்ளே ஆவி தங்காது.

யாராவது கேட்டு வரட்டும்.
வீட்டில் விளக்கை
இன்னும் அணைக்கவில்லை.